நாகஜோதியின் மூன்றாம் மணி நேரம்

ஆலைகளின் மருத்துவப் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் நண்பர்களே, உங்கள் மேசையின் இழுப்பறையில் ஒரு படிவக் கட்டு இருக்கும். நீண்ட நோய் விடுப்புக்குப் பின் திரும்பும் தொழிலாளி பணிக்குத் ‘தகுதியுடையவர்’, ‘தகுதியற்றவர்’ என்று இரண்டு சொற்கள் அதில் அச்சிடப்பட்டிருக்கும். பொருந்தாததைக் கோடிட்டு நீக்கிக் கையொப்பமிட வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாத வேலை. திண்டுக்கல்லை அடுத்த ஒரு நூற்பாலையில் இருபத்தாறு ஆண்டுகள் அதைச் செய்து ஓய்வு பெற்றவள் நான். அப்படிப்பட்ட ஒரு நிமிடத்தில் நான் செய்த பிழையையும், அதைத் திருத்திக்கொள்ள எனக்குக் கிடைத்த பன்னிரண்டு நாள்களையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

நாகஜோதிக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. ரெட்டியார்சத்திரத்துக்கு அப்பால், மல்லிகைத் தோட்டங்கள் சூழ்ந்த ஓர் ஊரிலிருந்து ஆலைப் பேருந்தில் வருவார். பதினாறு ஆண்டுகளாக நூற்பு எந்திரங்களைக் கவனிக்கும் நிரந்தரப் பணியாளர். எதிரெதிராக நிற்கும் இரண்டு எந்திர வரிசைகளுக்கு நடுவே ஓயாமல் நடந்து, எங்கே இழை அறுந்தாலும் அதை விரல் நுனியால் மீண்டும் இணைப்பது அவர் வேலை. அந்தப் பகுதியைச் ‘சைடு’ என்பார்கள். எட்டு மணி நேரப் பணியில் உணவு வேளை தவிர உட்காருவதற்கு அங்கே இடமும் இல்லை, வழக்கமும் இல்லை.

அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. மதுரையில் அறுவைச் சிகிச்சை, மருந்து, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, நோயின் சுவடே இல்லை என்ற அறிக்கையோடு திரும்பினார். அன்று ஆலை வாயிலில் தோழியர் சர்க்கரை கொடுத்து வரவேற்றனர். புதிதாக முளைத்திருந்த சுருள் முடியைத் தொட்டுப் பார்க்க ஒரு கூட்டமே நின்றது. மேலாளர் படியிறங்கி வந்து கைகூப்பினார். அந்தக் கொண்டாட்டத்தில் நானும் இருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பிழையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நான்காம் மாதத்தில், அடிக்கடி விடுப்பெடுக்கிறார் என்று அலுவலகம் அவரை மறுசான்றுக்காக என்னிடம் அனுப்பியது.

“என்னம்மா செய்யுது?” என்றேன்.

“அசதியா இருக்கு டாக்டரம்மா.”

“தூக்கம் வருதா?”

“வருது. ஆனாத் தூங்கி எந்திரிச்சாலும் தூங்காத மாதிரியே இருக்கு.”

“பசி?”

“பசிக்குது, சாப்புடுறேன். சாப்புட்டது எங்க போகுதுன்னுதான் தெரியல.”

செய்ய வேண்டிய சோதனைகள் அனைத்தையும் செய்தேன். இரத்தத்தில் குறையில்லை, தைராய்டில் குறையில்லை, மதுரை மருத்துவமனையின் புதிய அறிக்கையிலும் குறையில்லை. “பெரிய கண்டத்தையே தாண்டி வந்துட்டீங்க. மனசைத் தெம்பா வச்சுக்கங்க” என்றேன்.

“அதைத்தான் எல்லாரும் சொல்றாக” என்று சொல்லி எழுந்தார். நான் ‘தகுதியற்றவர்’ என்ற சொல்லை நீக்கிக் கையொப்பமிட்டேன். ஒரு வாழ்த்தை எழுதிக் கொடுப்பதாகவே எனக்கு நினைப்பு.

புற்றுநோயிலிருந்து மீண்டவர்களில் பலருக்குச் சிகிச்சை முடிந்து மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தும் அயர்ச்சி நீடிக்கும். உழைப்பின் அளவுக்கும் அதன் அளவுக்கும் பொருத்தம் இராது. உறக்கத்தால் அது தீராது. இவற்றை நான் படிக்காதவள் அல்லேன். ஆனால், சர்க்கரை கொடுத்து வரவேற்கப்பட்ட ஒருவரிடம் அதைத் தேட எனக்குத் தோன்றவில்லை. நோய் தோற்றுவிட்டது என்று ஊரே சொல்லும்போது, மருத்துவரும் அந்த ஊரில் ஒருவராகிவிடுகிறார்.

மூன்று வாரங்கள் சென்றன. ஒரு புதன்கிழமை குற்றச்சாட்டுக் குறிப்பாணையின் நகல் ஒன்று என் மேசைக்கு வந்தது. பணி நேரத்தில், வெற்றுக் குழல்கள் அடுக்கிய பெட்டிகளுக்குப் பின்னால் நாகஜோதி உறங்கிக்கொண்டிருந்தார். இது இரண்டாம் முறை. மறுவாரத்துக்கு அடுத்த திங்களன்று விசாரணை; குற்றம் உறுதியானால் பணிநீக்கம். இணைப்பாக இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, அவருடைய சைடில் உற்பத்தி சிறிதும் குறையவில்லை என்னும் அறிக்கை. மற்றொன்று என் சான்றிதழ்.

மேலாளரிடம் ஓடினேன். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், எந்திரங்களுக்கு நடுவே தொழிலாளியாக நின்று மேலே வந்தவர். கொடியவர் அல்லர்.

“ஏனுங்க டாக்டர், ஃபிட்டுன்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க. புரொடக்‌ஷனும் குறையலைங்க. உடம்பும் நல்லாருக்குது, வேலையும் நடக்குது. அப்புறம் டப்பாவுக்குப் பின்னால படுத்துக்கிட்டா அதுக்கு என்ன பேருங்க?”

“அவங்களுக்கு முடியலை சார்.”

“முடியலைன்னு எந்தத் தாள்லயும் இல்லைங்களே. ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு நானூறு பேரும் படுப்பாங்க.”

நாகஜோதியை அழைத்து, என் சான்றிதழைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னேன். அவர் என்னைவிடத் தெளிவாக இருந்தார்.

“திரும்ப வாங்கிட்டு என்ன எழுதுவீக?”

“தகுதியில்லைன்னு.”

“அப்ப உடம்பு சரியில்லைன்னு அனுப்பிருவாக. இப்பத் தூங்குனேன்னு அனுப்புறாக. ரெண்டுல எதை எழுதுனாலும் நான் வீட்டுக்குத்தான் போகணும். மகளுக்கு இன்னும் ரெண்டு வருசம் காலேசு இருக்கு டாக்டரம்மா.” சற்று நிறுத்தி, “அதுக்காக மட்டுமில்ல. படுத்துக் கெடந்தப்ப இந்த மிஷினு சத்தத்தைத்தான் நெனச்சுக்கிட்டே கெடந்தேன். எந்திரிச்சு வந்தது வீட்டுல உக்காரவா?” என்றார்.

அன்றுதான், நான்காம் மாதத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். “அசதி எந்த நேரத்துல வருது? வீட்டுல இருக்கப்பவும் வருதா?”

“வரும். ஆனா வீட்டுல சமாளிச்சுருவேன். சாயங்காலம் பூக் கட்டுவேன்ல, கை ஓயிறதுக்கு முன்னாடியே கீழ வச்சுருவேன். செத்த நேரம் செவத்துல சாஞ்சுட்டு எடுத்தா மறுபடி கட்டலாம். ஓஞ்ச பெறகு வச்சா அம்புட்டுத்தான், அன்னைக்கு முழுக்கக் கை வராது.”

“ஓயப் போகுதுன்னு எப்படித் தெரியும்?”

“விரலுக்கு மொதல்ல தெரிஞ்சுரும். நார் வழுக்கும்.”

“இங்க?”

“மூணாவது மணி நேரம் தொடங்குறப்ப. அதுவரைக்கும் ஒண்ணும் இருக்காது. ஆனா இங்க எப்படிக் கீழ வைக்கிறது? மிஷினு ஓடிக்கிட்டுல்ல இருக்கு.”

“இதை அன்னைக்கே ஏம்மா சொல்லலை?”

“நீங்க கேக்கலையே டாக்டரம்மா.”

அதில் குற்றச்சாட்டே இல்லை. உண்மையைச் சொன்னார், அவ்வளவுதான். என் பணிக்காலத்தில் எந்த மேலதிகாரியும் என்னை அவ்வளவு துல்லியமாகக் கண்டித்ததில்லை.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. மூன்றாம் மணி நேரத்தில் கை ஓய்ந்துவிடுகிறதென்றால், உற்பத்தி எப்படிக் குறையாதிருந்தது? மறுநாள் தொழிற்கூடத்துக்குள் போய் ஒரு தூணோரம் நின்றேன். உள்ளே பேச்சு கேட்காது. எந்திர இரைச்சலில் பெண்கள் உதட்டசைவாலும் கையசைவாலுமே பேசிக்கொள்வார்கள். மூன்றாம் மணி நேரத்தில் நாகஜோதி எந்திரத்தின் விளிம்பைப் பிடித்து நின்றார். அடுத்த சைடிலிருந்த பஞ்சவர்ணம் ஒரு புருவத்தை உயர்த்தினார். மறுகணம் தம் சைடை விட்டு இங்கே வந்து, அறுந்த இழைகளை விறுவிறுவென்று இணைத்துவிட்டுத் திரும்பினார். சற்று நேரத்தில் எதிர்ப்புறத்திலிருந்து இன்னொரு பெண் வந்தார். பலநாள் பழகிய ஒழுங்கு அது.

தேநீர் வேளையில் பஞ்சவர்ணமே என்னிடம் வந்தார். ஐம்பதை நெருங்கியவர், அவர் நாவுக்கு மேலாளரும் அஞ்சுவார்.

“தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சு பாத்துட்டீகளா? போயி எழுதிக் குடுங்க. சைடை விட்டுப் போனதுக்கு எனக்கும் ஒரு மெமோ வாங்கிக் குடுங்க.”

“எத்தனை நாளா நடக்குது?”

“அவ வந்த மறு நாளுலருந்து. முடியாத புள்ளைய அப்படியேவா விடச் சொல்றீக?”

நான் மெதுவாகச் சொன்னேன்: “நீங்க செய்யிறதுனாலதான் உற்பத்தி குறையலைன்னு தாள்ல வருது. உற்பத்தி குறையலைங்கிறதுனாலதான் அவங்க வேணும்னே தூங்குறாங்கன்னு சொல்றாங்க.”

பஞ்சவர்ணத்தின் கையிலிருந்த தம்ளர் பாதி வழியில் நின்றது.

“மூணு நாள் அவங்க பக்கம் போகாதீங்க. நான் முழு நேரமும் பக்கத்துல நிக்கிறேன்.”

“நல்லாருக்கே! மொதல்ல ஃபிட்டுன்னு எழுதுனீக. இப்ப விழட்டும், வேடிக்கை பாக்கலாம்ங்கிறீக. ஊசி போடுற கையா இது?”

அந்தச் சொல்லுக்கு நான் தகுந்தவள்தான். ஆனால் விடை நாகஜோதியிடமிருந்து வந்தது.

“அக்கா, நான் விழுறது யாரு கண்ணுக்கும் தெரியல. அதுனாலதான் என்னையச் சோம்பேறிங்கிறாக. மூணு நாளு விடு. தெரியட்டும்.”

“விழுந்தேன்னா தூக்க வர மாட்டேன்டி, பாத்துக்க.”

“நீயா? நீ வராம இருந்துருவியா?”

“போடி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஞ்சவர்ணம் மீதித் தேநீரைக் கீழே ஊற்றினார்.

இதைச் சற்று எண்ணிப் பாருங்கள், நண்பர்களே. அன்பினால் ஒருவரின் குறையை மூடி மறைக்கும் தோழமை எல்லா ஆலைகளிலும் உண்டு. அதை விலக்கச் சொல்லும் உரிமை எனக்கு இருந்ததா என்று இன்றும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. என் கணிப்புத் தவறியிருந்தால், அந்தப் பெண்ணுக்கு எஞ்சியிருந்த ஒரே துணையையும் நானே பறித்தவளாகியிருப்பேன். மூன்று நாள் உடனிருந்து கவனிக்கப் போவதாக மேலாளரிடம் அனுமதி கேட்டேன். “பாக்குறதுக்கென்னங்க, பாருங்க” என்றார்.

முதல் நாள் எந்த மாற்றமும் செய்யவில்லை. முதல் இரண்டு மணி நேரம் நாகஜோதியின் விரல்கள் போன வேகத்தைக் கண்டு எனக்கே ஐயம் தட்டியது. அந்தக் கூடத்திலேயே அவ்வளவு விரைவான கை வேறில்லை. மூன்றாம் மணி நேரம் தொடங்கியது. நடை குறுகியது. அதுவரை ஒரே முறையில் இணைந்த இழை இப்போது மூன்று முறை நழுவியது. உணவு வேளைக்குள் அந்த வரிசையில் அறுந்த இழைகள் வெள்ளை வெள்ளையாகத் தொங்கின. மேற்பார்வையாளர் வந்து கையை வீசிக் கத்தினார். ஐந்தடி தொலைவில் பஞ்சவர்ணம் இரு கைகளையும் இறுக்கி மூடிக்கொண்டு நின்றார், வரவில்லை. நாகஜோதி அன்று உறங்கவுமில்லை, உட்காரவுமில்லை. மாலையில் இருவர் தாங்கித்தான் பேருந்தில் ஏற்றினர். பஞ்சவர்ணம் என்னைக் கடந்து போகையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டாம் நாள் மருத்துவர் என்னும் முறையில் எழுத்து மூலமே ஓர் ஆணை பிறப்பித்தேன். பணி தொடங்கி இரண்டு மணி நேரம் ஆவதற்கு முன்பே, எல்லோரும் காணச் சுவரோரம் ஒரு முக்காலியைப் போட்டேன். ஒவ்வொரு ஷிப்ட்டுக்கும் உள்ள மாற்றாள் ஒருவரைச் சைடில் நிறுத்தினேன். நாகஜோதியின் காதருகே, “உக்காருங்க” என்று கத்தினேன்.

“இப்ப நல்லாத்தான இருக்கேன்!”

“அதனாலதான்!”

கால் மணி நேரம். அதற்குள் ஒன்பது பேர் வந்து என்ன ஆயிற்று என்று சைகையால் கேட்டார்கள். கூச்சத்தால் அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எழுந்தார். மூன்றாம் மணி நேரம் வந்தது, கடந்தது. நான்காவதும் கடந்தது. உணவுக்குப் பின் மீண்டும் அதேபோல் ஒருமுறை அமர்த்தினேன். ஆறாம் மணி நேரம் வரை விரல்கள் நழுவவில்லை. அதன்பின் நழுவின. மூன்றாம் நாளும் ஏறத்தாழ அவ்வாறே. அற்புதம் எதுவும் நிகழவில்லை. ஆனால் மூன்றாம் மணி நேரத்தில் சரிந்த ஒரு பெண் ஆறாம் மணி நேரம் வரை நிற்கிறார். அதற்குத் தேவைப்பட்டது ஒரு முக்காலியும், அதைப் போட வேண்டிய நேரமும்.

திங்களன்று விசாரணை. மேலாளர் நடுவில், எழுத்தர் ஒருபுறம், நாகஜோதி, அவருக்குத் துணையாகப் பஞ்சவர்ணம், நான்.

“இந்தச் சான்றிதழ் பிழையானது. பிழை என்னுடையது” என்று தொடங்கினேன். எழுத்தரின் பேனா நின்றது.

மேலாளர் சாய்ந்து உட்கார்ந்தார். “அப்பச் சரிங்க. அன்ஃபிட்டுன்னு மாத்திக் குடுத்துருங்க டாக்டர். குற்றச்சாட்டையே எடுத்தர்றனுங்க. மெடிக்கல்ல போனதா இருக்கட்டும். அவங்களுக்கும் மரியாதை, நமக்கும் தொல்லையில்லை.” புதிய படிவத்தை என்முன் நகர்த்தி, தம் பேனாவையே திறந்து வைத்தார்.

உங்களை யாரும் மிரட்டிப் பிழை செய்ய வைக்க மாட்டார்கள், நண்பர்களே. இப்படித்தான், நயமாகப் பேனாவைத் திறந்து வைப்பார்கள். பழி நீங்கும், என் பிழை மறக்கப்படும், அறையில் இருந்த எல்லோருக்கும் அது எளிய வழி, ஒருவரைத் தவிர. நாகஜோதி என் முகத்தைப் பார்க்கவில்லை. பேனாவின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு சொற்களில் எதையும் நான் நீக்கவில்லை. கீழே இருந்த வெற்றிடத்தில் எழுதினேன்: இவருக்குள்ள அயர்ச்சி உண்மையான நோய்ப்பின்விளைவு, நாளொன்றுக்கு ஆறு மணி நேரப் பணி, ஒவ்வோர் இரண்டு மணி நேரமும் முடிவதற்கு முன், சோர்வு தோன்றாவிடினும், கால் மணி நேரம் அமர வேண்டும், மாதந்தோறும் ஆய்ந்து பணி நேரத்தைக் கூட்டலாம்.

மேலாளர் படித்தார். “இப்படியெல்லாம் எழுத இதுல எடமே இல்லைங்களே டாக்டர்.”

“கீழ கொஞ்சம் இருந்துச்சு சார்.”

அவர் சிரிக்கவில்லை. மூன்று நாள் உற்பத்தித் தாள்களை எடுத்தார். தொழில் அறிந்தவர்; உடனே பிடித்துவிட்டார். “மொத நாளு இவ்வளவு இழை அறுந்து கெடந்திருக்குது. போன மாசம் பூராவும் ஒண்ணுமே இல்லைங்களே. அது எப்படிங்க?”

விடை எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்வது என் உரிமை அன்று. சொன்னால் இன்னும் இரு பெண்களின் வேலைக்கு ஆபத்து. நாற்காலி ஒன்று பின்னால் நகரும் ஓசை கேட்டது.

“நாந்தேன்” என்றார் பஞ்சவர்ணம். “அவ சைடை நாந்தேன் பாத்தேன். என் சைடையும் பாத்தேன். எனக்கும் ஒரு மெமோ அடிங்க. ஆனா ஒண்ணு சார். மொத ரெண்டு மணி நேரத்துல அவ கை ஓடுற ஓட்டத்துக்கு ஈடா ஒரு ஆளக் கொண்டாந்து நிறுத்திட்டு, அப்புறம் அவள அனுப்புங்க. நிறுத்துங்க பாப்போம். நீங்களே வந்து நின்னாலும் சரிதேன்.”

எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். மேலாளரின் உதடு லேசாகக் கோணியது. தம் விரல்களைத் தாமே ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“எத்தனை நாளைக்குங்க இது? மூணு மாசத்துல சரியாயிருமா?”

ஆம் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடும். “தெரியாது சார். நடுவுல குறையலாம், திரும்பக் கூடலாம். சரியாகும்னு நம்புறேன். தேதி சொல்ல மாட்டேன்.”

மேலாளர் என் குறிப்பை மறுபடி ஒருமுறை படித்தார். “தேதி சொல்லியிருந்தீங்கன்னா நம்பியிருக்க மாட்டேனுங்க” என்று சொல்லி, குற்றச்சாட்டுக் குறிப்பாணையின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். “ஏனுங்க பஞ்சவர்ணம், இனிமே சைடை விட்டு நகந்தீங்கன்னா அடுத்த விசாரணை உங்களுக்குத்தான்.”

“அவளுக்கு முக்காலி போட்டா நான் எதுக்கு நகர்றேன்?”

வெளியே வந்ததும் நாகஜோதி நடைவழிச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். பஞ்சவர்ணம் அவர் முதுகில் ஓர் அடி வைத்து, “ஏ புள்ள, அழுது இருக்குற தெம்பையும் தொலைக்காத. ரெண்டு மணிக்கு ஷிப்ட்டு” என்றார்.

அதன்பின் நடந்தது மெதுவானது. ஆறு மணி நேரப் பணி. மாலையில் மல்லிகைச் செடிகளைச் சுற்றிச் சிறு நடை. தெம்பான நாளில் கூட்டக் கூடாது, தெம்பில்லாத நாளில் அடியோடு விடக் கூடாது என்பது மட்டும் என் நிபந்தனை. ஐப்பசி மழையில் வந்த ஒரு காய்ச்சல் அவரை மீண்டும் இரண்டு மணி நேரத்துக்குத் தள்ளியது. “பழைய கதைதானா டாக்டர்?” என்றார் எழுத்தர். நான் பணி நேரத்தைக் குறைத்து எழுதினேன்; மறுமாதம் கூட்டி எழுதினேன். உயர்த்தத் தெரிந்த அளவுக்குத் தாழ்த்தவும் தயங்காதீர்கள். அங்கே நீங்கள் கலங்கினால் நோயாளி உங்களைவிட இருமடங்கு கலங்குவார். தை கழிந்தது. ஏழு மணி நேரமானது. சித்திரையில் ஒருநாள் அவரே என் அறைக்கு வந்து, “இன்னைக்கு முழு ஷிப்ட்டு பாக்குறேன் டாக்டரம்மா. முக்காலி இருக்கட்டும், ஆனா எட்டு மணி நேரம்” என்றார்.

எட்டாம் மணி நேரத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, தொழிற்கூடத்துக்குப் போனேன். பஞ்சவர்ணம் தம் சைடில் நின்று ஒரு கண்ணை இங்கேயே வைத்திருந்தார். ஏதோ ஓர் எந்திரத்தைச் சோதிக்க வந்தவர்போல் மேலாளரும் அருகே உலவினார். நாகஜோதி வரிசையின் வழியே நடந்து வந்தார். நடை குறுகவில்லை. அருகில் வந்ததும் குனிந்து, அவர் காதில், “எப்படி இருக்கு?” என்று கத்தினேன்.

அவர் என் தோளில் கை வைத்து என்னை ஓரமாக நகர்த்தினார். “செத்த நேரம் ஒதுங்கி நில்லுங்க டாக்டரம்மா! அந்தக் கோடியில ரெண்டு இழை அறுந்து கெடக்கு!”

நான் ஒதுங்கி நின்றேன்.